முருகனைக் கேட்டு எடுத்த சொவ்ற்வெயர்

இணுவிலில் முத்துக்குமாரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று கிழமையாக ஒருவரும் சாப்பிடவில்லை. அடுப்பு எரியாமல் இல்லை. ஊரடங்கு போட்ட நாட்களிலேயே அடுப்பை அணையவிடாத மனுசி அவர் பெண்சாதி பூரணம். மேசையைக் கொம்பியூற்றர் பிடித்துக்கொண்டது, அதுதான் சங்கதி. வீட்டுக்காரர் மூன்று பேரும் குசினி நிலத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். கொம்பியூற்றர் மட்டும் மேசையில், மேலே பூப்போட்ட துணி போர்த்து, மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது.

அனுப்பியவன் பூரணத்தின் தம்பி சண்முகநாதன். லண்டனில் இருக்கிறான். அக்காள் மகள் குணலட்சுமி ஏ.எல். வகுப்பில் கொமர்ஸ் படிக்கிறாள், இனி வாற காலத்திலை இது தெரியாட்டி ஒரு கந்தோரும் வாசல் திறக்காது என்று கப்பலில் போட்டு அனுப்பிவிட்டான். எண்பத்தொன்பதாம் ஆண்டு இணுவிலில் அது ஒரு திருவிழாச் சாமான். பார்க்க வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியே பூரணத்தின் கை சோர்ந்துபோனது.

கரண்ட் வருகிற நாளில் முத்துக்குமாரர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவிச்சைப் போடுவார். பெட்டி உறுமும். கறுப்புக் கண்ணாடியின் மூலையில் பச்சை நிறத்தில் இங்கிலிசு 'ஏ' எழுத்து ஒன்று வந்து நிற்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மின்னும். அவ்வளவுதான். அதற்குமேல் அதுவும் ஒன்றும் செய்யாது, இவரும் ஒன்றும் செய்யமாட்டார்.

புகையிலைத் தோட்டக்காரர் ஏரம்பர் கால் மணித்தியாலம் குந்தியிருந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எட தம்பி, உது 'ஏ'யோடை நிண்டிட்டுது. 'பி' எப்ப வரும்?"

"அண்ணை, இப்ப நீங்கள் பாக்கிறது வெறும் உடல். உயிர் இனித்தான் வரவேணும். அந்த உயிருக்குப் பேர் சொவ்ற்வெயர்."

"உயிர் எங்கையிருந்து வரும்?"

"லண்டனிலையிருந்து."

"அப்ப பார்சலிலை வாற உயிர் எண்டு சொல்லு," என்று ஏரம்பர் எழும்பிப் போய்விட்டார்.

முத்துக்குமாரர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கர். முப்பது வருசம் மற்றவர்கள் எழுதிய கடிதத்தில் பிழை பிடித்தே தலை நரைத்தவர். அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. கோயில் திருப்பணிச் சபையின் செயலாளர் ஆகவேண்டும். கார்த்திகை மாசம் பொதுக்கூட்டம். அதில் அடுத்த வீட்டுப் பொன்னம்பலத்தாரைச் செயலாளர் கதிரையிலிருந்து இறக்கிவிட்டுத் தான் ஏறவேண்டும்.

பொன்னம்பலத்தார் பன்னிரண்டு வருசமாகச் செயலாளர். படிப்போ பேச்சோ அவரை அதில் இருத்தவில்லை. அவரிடம் ஒரு ரைப்ரைற்றர் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கோபுரத் திருப்பணி பற்றி இங்கிலிசில் கடிதம் அடிக்க ஊரில் வேறு நாதி இல்லை. அந்த மெசினில் 'இ' எழுத்து உடைந்து பத்து வருசம். ஒவ்வொரு 'இ'யையும் பொன்னம்பலத்தார் பேனையால் போடுவார். கடிதத்தைப் பார்த்தால் அம்மை போட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும். அதற்கும் லண்டனிலிருந்து பதில் வருகிறதே என்பதுதான் முத்துக்குமாரரின் வயிற்றெரிச்சல்.

இனி எரியத் தேவையில்லை. எழுதுகிற சொவ்ற்வெயர் ஒன்று இருக்கிறதாம். ஒரு கடிதத்தை ஒருமுறை எழுதிவிட்டு, இருநூறு பேரின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதின மாதிரி அதுவே பெயரை மாற்றிக்கொள்ளுமாம். இதைக் கந்தோரில் ஒருவன் சொன்ன நாள் முத்துக்குமாரர் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, கோடாச் சுருட்டைப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, சபதம் போட்டார்.

"பூரணம், இந்தக் கார்த்திகையோடை பொன்னம்பலத்தின்ரை ஆட்சி முடிஞ்சுது."

"முதல் அந்தப் புகையைக் கொஞ்சம் அங்கால விடுங்கோ," என்றாள் பூரணம்.

அவர்களுக்குக் கலியாணமாகி இருபத்திரண்டு வருசம். இருபத்திரண்டு வருசமாகப் பூரணம் அந்தச் சுருட்டோடு மல்லுக்கட்டுகிறாள். அழுது பார்த்தாள். பட்டினி கிடந்து பார்த்தாள். டாக்குத்தரைக் கொண்டு சொல்வித்தாள். முத்துக்குமாரர் இருமி இருமி டாக்குத்தருக்கு விளக்கம் சொல்லிவிட்டு, வெளியே வந்து காதில் செருகியிருந்த குறைச் சுருட்டை எடுத்தார். ஒரு வருசமாக விடியற்காலையில் அவர் இருமுகிற இருமல் பொன்னம்பலத்தார் வீட்டுச் சேவலை எழுப்பிக்கொண்டிருந்தது. அது எங்கள் கதைக்கு வெளியே உள்ள விசயம் என்றுதான் முத்துக்குமாரரும் நினைத்திருந்தார்.

சரி. புரட்டாதி கடைசியில் தம்பியின் கடிதம் வந்தது.

தம்பியின் கடிதத்தை முத்துக்குமாரர் கையால் தொடமாட்டார். காரணம் உண்டு. கலியாணத்தன்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைப்பது பெண்ணின் தம்பி. சண்முகநாதனுக்கு அப்போது பதின்மூன்று வயது. கால் கழுவுகிறேன் என்று ஒரு செம்புத் தண்ணீரையும் பட்டுவேட்டியில் கவிழ்த்துவிட்டான். முத்துக்குமாரர் தாலி கட்டும்போது ஈரவேட்டியோடு நடுங்கினார். அதைப் பயத்தில் நடுங்கினார் என்று ஊர் கதைத்தது. அன்றைக்குப் பிடித்த ரோசம். அவன் அனுப்புகிற கொம்பியூற்றர் வேண்டும், சட்டைத்துணி வேண்டும், சொக்லேற் வேண்டும், அவன் எழுத்து மட்டும் கண்ணில் படக்கூடாது. பூரணம் வாசிப்பாள், அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பார். ரோசத்தையும் வைத்திருக்கலாம், சமாசாரமும் தெரியும்.

பூரணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"'அன்பின் அக்காவுக்கு. நலம், நலமறிய ஆவல். என்ரை சிநேகிதன் குருநகர்க் கிறிஸ்துநாயகம் தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு ஊருக்கு வாறான். அவனிட்டைச் சொவ்ற்வெயர் குடுத்துவிடுறன். ஆனால் அவன்ரை பயணப் பெட்டியிலை ஒரு சொவ்ற்வெயர்ப் பெட்டிக்குத்தான் இடம் இருக்காம்...'"

"ஒண்டுதானோ?"

"ஒண்டுதான். 'எழுதுறது வேணுமோ, கட்டம் போட்டுக் கணக்குப் பாக்கிறது வேணுமோ எண்டு யோசிச்சு, வாற சனிக்கிழமைக்கு முன்னம் தந்தி அடியுங்கோ.'"

"வேறை என்ன எழுதியிருக்கிறான்?"

"'கொம்பியூற்றர் இருக்கிற வீட்டிலை சுருட்டுப் புகை கூடாது' எண்டும் எழுதியிருக்கிறான்."

"அவன் லண்டனிலையிருந்து என்ரை வாய்க்குள்ளை பாக்கிறான்," என்றார் முத்துக்குமாரர். "அதை விடும். எழுதுறது எண்டு தந்தி அடிச்சால் சரி."

"கட்டம் போடுறது எண்டு அடிப்பம்," என்றாள் பூரணம், கடிதத்தை மடித்து இடுப்பில் செருகியபடி.

"ஏனப்பா?"

"படிக்கிறது ஆர்? பிள்ளை. பிள்ளை படிக்கிறது என்ன? கொமர்ஸ். கொமர்சுக்குக் கட்டம் வேணுமோ, கடிதம் வேணுமோ?"

"அறிவு வளர முதல் வேண்டியது எழுத்து. எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்."

"அதிலையும் எண்தானே முதல் வருது," என்றாள் பூரணம்.

முத்துக்குமாரர் சுருட்டைத் தேடினார். பேச்சில் தோற்கிறபோதெல்லாம் அவருக்குச் சுருட்டுத் தேவைப்படும். அந்தக் கணக்கில் அவர் நாளுக்கு ஒன்பது சுருட்டுப் பிடித்தார்.

மகளைக் கூப்பிட்டு நீதி கேட்டார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. உனக்கு எது வேணும்?"

குணலட்சுமி தாயின் முகத்தைப் பார்த்தாள். தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு வயதுக்குள் அந்த வீட்டில் பிழைக்கப் பழகிய பிள்ளை.

"எதெண்டாலும் சரி அப்பா. எனக்கு நாளைக்குச் சோதினை," என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

மூன்று நாள் சண்டை. முதல் நாள் முத்துக்குமாரர் சாப்பிடமாட்டேன் என்றார். பூரணம் சரி என்றாள். அன்றைக்கு வீட்டில் முருங்கைக்காய் போட்ட கணவாய்க் கறி, இரவு ஏழு மணிக்கு அவராகவே வந்து பாயில் இருந்தார். இரண்டாம் நாள் கதைக்கமாட்டேன் என்றார். அதைப் பூரணம் கவனிக்கவில்லை. அடுத்தநாள் தானாகவே, "நான் நேற்று முழுக்கக் கதைக்கேல்லை," என்று அறிவிக்கவேண்டி வந்தது.

போதாததற்குப் பொன்னம்பலத்தார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன முத்துக்குமாரு, உயிர் வந்திட்டுதே?"

"வரும், வரும். வந்தவுடனை முதல் கடிதம் உமக்குத்தான்."

"எழுதும், எழுதும். பிழை இருந்தால் திருத்தித் தாறன்," என்றார் பொன்னம்பலத்தார். "என்ரை மெசினுக்கு இந்தக் கரண்டுக் கரைச்சல் ஒண்டும் இல்லை, பாரும்."

இதைக் கேட்ட மனுசன் சும்மா இருப்பானா. அன்று பின்னேரம் முத்துக்குமாரரின் மூளையில் ஒரு திட்டம் முளைத்தது. முப்பது வருசக் கந்தோர் மூளை. அது முளைப்பித்தது எதுவும் இதுவரை காய்த்ததில்லை, என்றாலும் முளைப்பதை நிறுத்தவில்லை.

"பூரணம், நாங்கள் ரெண்டு பேரும் மனுசர். மனுசருக்கு என்ன தெரியும்? கந்தனிட்டைக் கேப்பம். பூக்கட்டிப் பாப்பம்."

ஊர் வழக்கம்தான். பெண் எடுக்கிறதோ, காணி வாங்குகிறதோ, மனம் இரண்டுபட்டால் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமியின் காலடியில் வைப்பார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். அதில் வருகிற பூவுக்கு அப்பீல் கிடையாது. ஆனால் சொவ்ற்வெயருக்குப் பூக்கட்டின முதல் மனுசர் எங்கள் முத்துக்குமாரராகத்தான் இருக்கவேண்டும்.

பூரணம் ஒருகணம் அவரைப் பார்த்தாள்.

"முருகன் சொன்னால் மாறிக் கதைக்கமாட்டியளோ?"

"முருகன் சொன்னதை மாற நான் ஆர்?"

"அப்ப நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளை வந்தால் எழுதுறது. சிவப்பு வந்தால் கட்டம்."

"பூவை நானே காலமை கட்டி எடுத்து வாறன். நீர் ஏன் மினக்கெடுவான்?"

"பாவம், எனக்காக எவ்வளவு பாடுபடுறியள்," என்றாள் பூரணம்.

விடிய ஐந்தரைக்கு முத்துக்குமாரர் கிணற்றடிக்குப் போனார். கிணற்றடியில் நந்தியாவட்டை மரம், பக்கத்தில் சிவப்பாய்ப் பூக்கிற செவ்வரத்தை. நந்தியாவட்டையில் அன்று இரண்டே இரண்டு பூ. அவருக்கு வேண்டியதும் இரண்டுதான். கடவுளே கூட்டாளி சேர்ந்துவிட்டார் என்று பூரித்துப்போனார். இரண்டையும் பிடுங்கி, இரண்டு வாழையிலைத் துண்டில் தனித்தனியாகச் சுருட்டி, வாழைநாரால் இறுக்கிக் கட்டினார். எதை எடுத்தாலும் வெள்ளை. எதைப் பிரித்தாலும் எழுத்து. செவ்வரத்தையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தச் சந்தோசத்தில் வெறும் வயிற்றில் ஒரு சுருட்டும் பிடித்தார்.

கந்தசுவாமி கோயிலில் உச்சிக்காலப் பூசை முடிகிற நேரம். சனம் குறைவு. முத்துக்குமாரரின் அதிர்ட்டம், செயலாளர் என்ற உரிமையில் பொன்னம்பலத்தார் மூலஸ்தானத்துக்கு நேரே தூணில் சாய்ந்தபடி நின்றார். நிற்கட்டும், கண்ணால் பார்க்கட்டும் என்று முத்துக்குமாரர் நினைத்தார்.

குருக்கள் பொட்டலங்களை வாங்கி முருகன் காலடியில் வைத்தார்.

"என்ன நினைச்சுக் கட்டினியள்?"

பூரணம் முந்திக்கொண்டாள். "ஐயா, கொம்பியூற்றருக்கு ஒரு சாமான் எடுக்கவேணும். வெள்ளை வந்தால் இவர் கேட்டது. சிவப்பு வந்தால் நான் கேட்டது."

குருக்களுக்கு என்ன விளங்கியதோ, தலையாட்டினார். ஒரு பொட்டலத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"கொஞ்சம் நில்லுங்கோ ஐயா," என்றாள் பூரணம். "முருகனைச் சும்மா வேலை வாங்கக் கூடாது. ஒரு நேர்த்தியும் வைக்கிறன்."

"வையுங்கோ அம்மா. நல்லது."

பூரணம் கை கூப்பிக் கண்ணை மூடினாள். குரல் மட்டும் நல்ல உரத்து வந்தது.

"முருகா, வெள்ளைப் பூவைக் காட்டி இவர் ஆசைப்பட்டதைக் குடுத்தியெண்டால், வாற திருவிழாவுக்கு இவர் முதுகிலை பதினாறு செடில் குத்திக் காவடி எடுப்பார்."

முத்துக்குமாரருக்குக் காது அடைத்தது. செடில் என்பது முதுகுத் தோலில் ஏற்றுகிற கொளுக்கி. ஒருமுறை கந்தோருக்கு வாந்திபேதி ஊசி போட வந்தபோது, தனக்கு முன்னால் நின்றவருக்குப் போட்டதைப் பார்த்தே மயங்கி விழுந்தவர் அவர். அது ஒரு ஊசி. அதுவும் வேறு ஆளுக்கு.

"பூரணம், என்ன கதைக்கிறீர்?"

"சாமிக்கு முன்னாலை சத்தம் போடாதேங்கோ. நான் இன்னும் முடிக்கேல்லை." திரும்பவும் கண்ணை மூடினாள். "சிவப்புப் பூவைக் காட்டினியெண்டால், இவர் இண்டையோடை சுருட்டை விட்டிடுவார்."

"ஆகா," என்றார் பொன்னம்பலத்தார் தூணடியில் இருந்து. "முத்துக்குமாருவுக்குச் செடில் நல்லாய் இருக்கும். நல்ல அகண்ட முதுகு."

குருக்களின் கை மறுபடி பொட்டலத்தை நோக்கிப் போனது.

அந்தக் கை போய்ச் சேர எடுத்த நேரத்தில் முத்துக்குமாரர் தன் முப்பது வருச அனுபவத்தையும் கூட்டி யோசித்தார். எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் வெள்ளை. வெள்ளை என்றால் பதினாறு கொளுக்கி. இரண்டும் வெள்ளைதான் என்று உண்மையைச் சொன்னால்? முருகனை ஏமாற்ற வந்தவன் என்று பொன்னம்பலத்தார் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார், கார்த்திகையில் செயலாளர் அல்ல, கோயில் வாசலுக்கே வரமுடியாது. இப்படி வெள்ளை, வெள்ளை என்று ஆசைப்பட்டுக் கட்டின மனுசனுக்கு அந்தக் கணத்தில் உலகத்தில் சிவப்பைப்போல அழகான நிறம் வேறில்லை. அது மட்டும் அவரிடம் இல்லை.

"ஐயா, நில்லுங்கோ. பிரிக்க வேண்டாம்."

"ஏன்?"

"வந்து... சிவப்புத்தான். எனக்குத் தெரியுது."

"பிரிக்காமல் எப்பிடித் தெரியும்?"

"உள்ளுக்குள்ளை ஒரு சத்தம் சொல்லுது. இரவு கனவிலையும் சொன்னது. மயில்கூட நிண்டது."

பொன்னம்பலத்தார் தூணை விட்டுக் கிட்ட வந்தார். "இல்லை, இல்லை. சாமி காலடியிலை வைச்சதைப் பிரிச்சுத்தான் பாக்கவேணும். அதுதானே முறை. சபைச் செயலாளர் எண்ட முறையிலை சொல்லுறன்."

முத்துக்குமாரருக்கு வேர்த்தது. முதுகில்தான் முதலில் வேர்த்தது.

அப்போதுதான் பூரணம் கைகொடுத்தாள். எவ்வளவு பரிவு அந்தக் குரலில்.

"ஐயா, இவருக்கு உண்மையிலை முருகன் சொல்லியிருக்கிறார் போலை. முகத்தைப் பாருங்கோ, அருள் வந்த மாதிரி நடுங்குது. பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். சத்தியம் பூவிலும் பெரிசுதானே?"

"அதுக்கு மேலை ஒண்டும் இல்லை," என்றார் குருக்கள். அவருக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

தட்டத்தில் கற்பூரம் கொளுத்தினார்கள். முத்துக்குமாரர் வலது கையை உயர்த்தினார்.

"சிவப்புத்தான். கட்டம் போடுறதுதான்."

"நேர்த்தியையும் சொல்லுங்கோ," என்றாள் பூரணம்.

"இண்டையோடை..." தொண்டையில் இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். "இண்டையோடை சுருட்டைத் தொடமாட்டன்."

கையால் அடித்துக் கற்பூரத்தை அணைத்தார். கை கொஞ்சம் சுட்டது. பதினாறு செடிலை நினைக்க அது சந்தனம் பூசினதுபோல இருந்தது. குருக்கள் இரண்டு பொட்டலத்தையும் விபூதியோடு பூரணத்தின் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பூரணம் சாமியறைக்குப் போனாள். முத்துக்குமாரர் அவசரமாகப் பின்னால் போனார்.

"அந்தப் பொட்டலத்தைத் தாரும், கிணத்துக்கை போட்டுவிடுறன்."

"ஏன் அநியாயத்துக்கு?" அவள் நாரை அவிழ்த்தாள். ஒரு நந்தியாவட்டையை எடுத்துப் பிள்ளையாருக்கு வைத்தாள். மற்றதையும் அவிழ்த்து, அதை முருகனுக்கு வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முத்துக்குமாரர் நிலத்தில் கிடந்த எறும்பை ஆராய்ந்தார்.

"ஓ... உமக்கு... முதலே தெரியுமோ?"

"தினம் காலமை பூப் பிடுங்குறது நான்தானே? நேற்றுப் பின்னேரம் நந்தியாவட்டையிலை ரெண்டு மொட்டு நிண்டது, செவ்வரத்தையிலை ஒன்பது. காலமை ஆறு மணிக்குப் போய்ப் பாத்தால் நந்தியாவட்டை மொட்டை. செவ்வரத்தையிலை ஒன்பதும் அப்பிடியே விரிஞ்சு நிக்குது. நான் கொமர்ஸ் படிக்கேல்லை, எண்டாலும் ரெண்டு வரைக்கும் எண்ணுவன்."

முத்துக்குமாரரின் கை தானாகக் காதுக்குப் போனது. அங்கே குறைச் சுருட்டு இருந்தது. பூரணம் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார். மிச்சச் சுருட்டுக் கட்டும் ஏரம்பர் வீட்டுக்குப் போனது. "எந்தப் புண்ணியவாளன் வேலை இது?" என்று அவர் சந்தோசமாக வாங்கிக்கொண்டாராம்.

கட்டம் போடுகிற சொவ்ற்வெயர் என்று முத்துக்குமாரர் தந்தி எழுதிக் கொடுத்தார். தபால்கந்தோருக்குத் தானே போகிறேன் என்று பூரணம் வாங்கிக்கொண்டு போனாள். வரும்போது ஒரு கட்டு வெத்திலை வாங்கி வந்தாள். பாவம் மனுசன், வாய்க்கு ஏதாவது வேண்டாமா என்றாள். அந்த அன்பில் முத்துக்குமாரருக்குக் கண் கலங்கிவிட்டது. சுருட்டு விட்ட துக்கத்தில் நாளுக்கு இருபது தரம் வெத்திலை போட்டார். கொம்பியூற்றரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாம் கிழமை ஒரு புதினம் நடந்தது. பொன்னம்பலத்தார் வீட்டுச் சேவல் நேரம் பிந்திக் கூவியது. எழுப்ப இருமல் இல்லை. இரவு முழுக்க நித்திரை கொண்டதை முத்துக்குமாரர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பூரணம் வென்றதாகப் போய்விடும்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் கிறிஸ்துநாயகம் சைக்கிளில் வந்து இறங்கினான். தங்கச்சியின் கலியாணப் பலகாரம் ஒரு பையில், சொவ்ற்வெயர் ஒரு பையில்.

"இந்தாங்கோ அக்கா, சண்முகம் தந்தது. வழியிலை மூண்டு சோதனைச் சாவடியிலை திறந்து பாத்தவங்கள். பெட்டிக்குள்ளை இருந்த புத்தகத்தைப் பாத்திட்டு இவன் படிச்சவன் எண்டு விட்டிட்டாங்கள்."

"என்ரை தந்தி கிடைச்சுதாமோ?" என்று கேட்டார் முத்துக்குமாரர்.

"என்ன தந்தி அண்ணை? சண்முகம் இதை ஆவணி மாசமே வாங்கித் தந்திட்டான். ஒண்டரை மாசம் என்ரை கட்டிலுக்குக் கீழைதான் கிடந்தது."

முத்துக்குமாரர் பூரணத்தைப் பார்த்தார். பூரணம் பலகாரப் பையைப் பார்த்தாள்.

குணலட்சுமி பெட்டியைப் பிரித்து முதுகுப்பக்கத்தை வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் மலர்ந்தது.

"அப்பா, இது படிக்கிற பிள்ளையளுக்கும் வீட்டுக்கும் எண்டே செய்தது. எழுதுறதும் இருக்கு, கட்டம் போடுறதும் இருக்கு. ஒரு கடிதத்தை எத்தினை பேருக்கும் பேர் மாத்தி எழுதலாமாம். எல்லாம் இந்த ஒரு பெட்டிக்கை."

"ரெண்டுமோ?"

"ரெண்டும்."

கிறிஸ்துநாயகம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்வரை முத்துக்குமாரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் மணிச் சத்தம் ஒழுங்கையில் அடங்கியதும் திரும்பினார்.

"பூரணம், அந்தக் கடிதத்தை எடும்."

இருபத்திரண்டு வருசத்தில் முதல்தரம் மைத்துனன் எழுத்தை அவர் கையில் எடுத்தார். எழுத்து அழகாகத்தான் இருந்தது. 'அக்கா, எழுதுறதுக்கும் கணக்குக்கும் வேறை வேறையாய்த் தேடாதேங்கோ. எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டி வாங்கிக் கிறிஸ்துநாயகத்திட்டைக் குடுத்திட்டன். அத்தானுக்கு இருமல் எப்பிடி? கேட்டதாய்ச் சொல்லுங்கோ.' சனிக்கிழமை இல்லை, தந்தி இல்லை, சுருட்டுப் புகை இல்லை.

"அப்ப நீர் வாசிச்சது?"

"உங்களுக்கு அவன்ரை எழுத்துப் பிடிக்காதே. அதுதான் என்ரை எழுத்தை வாசிச்சன்."

"நான் பண்ணின சத்தியம்?"

"அதை முருகனுக்கெல்லோ பண்ணினியள். சொவ்ற்வெயரைத் தந்தது தம்பி. ரெண்டையும் ஏன் குழப்பிறியள்?" என்றாள் பூரணம். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்கள் இருமிற ஒவ்வொரு விடியலும் நான் முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். வேறை வழி தெரியேல்லை."

முத்துக்குமாரருக்குக் கோபம் வந்து பாதியில் நின்றுவிட்டது. வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் வெத்திலைத் தட்டத்தை இழுத்து, இரண்டு வெத்திலை, ஒரு பாக்கு, கொஞ்சம் சுண்ணாம்பு, கன்னம் புடைக்க அடக்கிக்கொண்டார். பிறகு கணக்குப் பார்த்தார். சுருட்டுப் போனது போனதுதான். ஆனால் எழுதுகிற சொவ்ற்வெயர் கையில். கார்த்திகை இன்னும் வரவில்லை.

அன்றே தொடங்கினார். மகள் சொல்லிக்கொடுக்க, ஒரு விரலால், மூன்று நாள், கரண்ட் இருந்த நேரமெல்லாம் இருந்து அடித்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான திருப்பணிக் கடிதம். ஒவ்வொரு 'இ'யும் கண்ணாடியில் பச்சைப் பசேல் என்று பளிச்சிட்டது. பொன்னம்பலத்தாரை வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் காட்டினார்.

பொன்னம்பலத்தார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, குனிந்து, முழுக்க வாசித்தார்.

"நல்லாய்த்தான் இருக்கு. கடதாசியிலை எங்கை?"

முத்துக்குமாரர் மகளைப் பார்த்தார்.

"அதுக்கு அச்சடிக்கிற மெசின் ஒண்டு வேணும் அப்பா. பிறின்றர். அது தனியாய் வாங்கவேணும்."

"இல்லாட்டி என்னட்டைக் கொண்டு வாரும்," என்றார் பொன்னம்பலத்தார். "நீர் இதிலை பாத்துப் பாத்து வாசியும், நான் அடிச்சுத் தாறன்." சொல்லிவிட்டு விசில் அடித்துக்கொண்டு போனார்.

முத்துக்குமாரர் குசினிக்கு ஓடினார். வாய் நிறைய வெத்திலை.

"இஞ்சரும் பூரணம், உம்மடை தம்பிக்குக் கெதியாய் ஒரு கடிதம் எழுதும். ஒரு பிறின்றர் அனுப்பச் சொல்லி. நான் சொன்னதாயே எழுதும்."

பூரணம் தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை.

"எழுதுறன். அதுக்கு முதல் வாற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், உந்த வெத்திலையைப் பற்றி முருகனிட்டை ஒருக்கால் கேட்டுப் பாப்பம். பூவை இந்தமுறையும் நீங்களே கட்டுங்கோ."